ஆபீஸ் டெலிபோனுக்கு வாய்ப்பூட்டு



பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பை முடித்து, தோட்ட ஆபீசில் உதவிக் கிராணியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போட உட்காரும்போதுதான் மேசை டெலிபோன் விடாமல் அலறுகிறதாம். “போன மாதம் இந்தத் தொல்லையில் ஒருவருடைய இரண்டு நாள் வேலை கணக்கில் விட்டுப்போய்விட்டது. மணியை அடக்கி வைத்தால் தப்பா?” என்று கேட்கிறார்.

தப்பில்லை, தங்கையே. உழைத்தவர் கூலி குறையக் கூடாது. ஆனால் மணியை அடக்குவது வேறு, கூப்பிடுகிறவரைத் திக்கற்று நிற்க வைப்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டம் முழுவதற்கும் ஆபீசில் இருந்த டெலிபோன் ஒன்றுதான். லயத்தில் யாருக்காவது சேதி வந்தால் ஆபீஸ் பையன் ஓடிவந்து கதவைத் தட்டுவான். ஒரு மாதக் கடைசியில், ஈப்போ ஆஸ்பத்திரியில் இருந்த என் பாட்டிக்கு முடியாமல் போய்விட்டது. மாமா மூன்று தடவை ஆபீசுக்கு அடித்திருக்கிறார். மூன்று தடவையும் ‘லைன் பேசிக்கொண்டிருக்கிறது’ என்ற சத்தந்தான். யாரும் பேசவில்லை, கணக்கு வேலைக்கு இடைஞ்சல் என்று ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை மாமாவே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். பாட்டி இரவிலேயே போய்விட்டார். அம்மா முகம் பார்க்கவில்லை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்தக் கிராணியாரும் கெட்டவர் அல்லர். அவரும் அன்று எங்கள் சம்பளத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதல் விதி, ரிசீவரை எடுத்து வைக்காதீர்கள். இன்றைய மேசை டெலிபோன்களில் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

சத்தம் மட்டுமே தொல்லை என்றால், ரிசீவர் அதன் இடத்தில் இருக்கும்போதே ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான டெலிபோன்களில் மணி தணிந்துவிடும். பழைய கருவிகளில் அடியிலோ பக்கத்திலோ ஒரு சிறு திருகோ விசையோ இருக்கும். விளக்கு மினுங்குவதைப் பார்த்து, முக்கியமானதை மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது, ‘டி.என்.டி.’ என்று எழுதியிருக்கும் பொத்தான். தொந்தரவு செய்யாதே என்று பொருள். இதில் ஒரு சூது உண்டு. சில ஆபீசுகளில் இதை அழுத்தினால் மணி மட்டும் நிற்கும். சிலவற்றில் கூப்பிடுகிறவருக்கு ‘பிஸி’ சத்தம் கேட்கும், அதாவது மேசைமேல் ரிசீவரை வைத்த அதே கதை. உங்கள் ஆபீசில் எது என்பதை உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு முறை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் நான் சிபாரிசு செய்வது. வரும் அழைப்பை வேறொரு மேசைக்குத் திருப்பிவிடுவது. இதிலும் மூன்று வகை. எல்லா அழைப்பையும் உடனே திருப்புவது, நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் திருப்புவது, சில மணி அடித்தும் எடுக்காவிட்டால் திருப்புவது. சாதாரண நாளைக்கு மூன்றாவது வகையும், கணக்கு நாளைக்கு முதல் வகையும் பொருத்தம். இதற்கான எண்கள் ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். டெலிபோன் பொருத்தியவரிடம் கேட்டு, ஓர் அட்டையில் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஆபீசுக்கு வெளியே உள்ள எண்ணுக்குத் திருப்பினால், வெளி லைனுக்காக முதலில் அழுத்தும் எண்ணையும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்கான கட்டணமும் பொதுவாக ஆபீஸ் கணக்கில்தான் விழும். துரையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!

யாரிடம் திருப்புவது? நம் மலையில் இதுதான் பெரிய கேள்வி. மேற்பார்வையாளரின் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாக இருப்போம். அவர் பள்ளத்தில், லைன் கிடைக்காத மலைச்சரிவில் நிற்பார். ஜாகா கொட்டகை, ஸ்டோர், தொழிற்சாலை ஆபீஸ் என்று ஆள் நகராத இடமாகப் பாருங்கள். அவரிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, யார், எந்த எண், என்ன சேதி என்று எழுதச் சொல்லுங்கள். அவரும் தம் டெலிபோனை உங்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அழைப்பு இருவருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்.

திருப்பும் வித்தை கெட்ட கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழங்கதை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்க ஏற்பாடுகள் செய்வது அவர் தொழில். அந்நாளில் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்தான் கையால் லைன் கொடுக்க வேண்டும். தமக்கு வரும் அழைப்புகளை எக்ஸ்சேஞ்சிலிருந்தே போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள். ஆள் நடுவில் இல்லாமல் தானே லைன் கொடுக்கும் இயந்திரத்தை உருவாக்கி, 1891-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது வேலை செய்யத் தொடங்கியது. சாவு வீட்டுச் சேதி தவறிய கோபத்தில் பிறந்ததுதான் தானியங்கி எக்ஸ்சேஞ்ச்!

அந்தச் சூது இன்று கைப்பேசிக்கு வந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, *21* என்று தொடங்கும் ஒன்றை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களிடம் போகும், பேங்கிலிருந்து ரகசிய எண் சொல்ல வரும் அழைப்பு உட்பட. இந்தியாவில் இந்த மோசடி பெருகியதால், இப்படி எண் அழுத்தித் திருப்பும் வசதியையே 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்க அரசாங்கம் உத்தரவிட்டது. உங்கள் கைப்பேசியில் *#21# அழுத்தினால், அழைப்புகள் எங்காவது திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். ##21# அழுத்தினால் அது ரத்தாகும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 997-ஐக் கூப்பிடுங்கள். லயத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மீண்டும் ஆபீசுக்கு வருவோம். வேலை முடிந்ததும் திருப்பியதை ரத்து செய்ய மறப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. மாலையில் ஆபீசைப் பூட்டும்போது மட்டும் வேண்டுமென்றே ஜாகாவிடம் திருப்பிவிட்டுப் போங்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலை ரிங்லெட் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போனதை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே மழையும் மண்சரிவும் ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. 999-க்கு அடித்து ஆம்புலன்ஸ் கேட்டிருந்தால், அது வந்து சேரும்வரை அந்த டெலிபோனின் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கட்டும். எந்தத் திருப்பத்தில் ஏறுவது என்று கேட்டு அவர்கள் திரும்ப அடிக்கக்கூடும்.

தங்கை இன்னொன்றும் கேட்டிருந்தார்: வேலை நேரத்தில் அம்மா ஆபீசுக்கு அடித்தால் எடுக்கலாமா? எடுங்கள். இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுங்கள்.

அடுத்த இதழில், பலர் கேட்டிருக்கும் சொக்சோ பாரம் பற்றி எழுதுகிறேன்.