கடல் இரைந்த நாட்களின் வாசகம்

கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிறுதோறும் எந்த நற்செய்திப் பகுதியை வாசிப்பது என்பதைப் பங்குச்சாமியார் முடிவு செய்வதில்லை. அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மூன்றாண்டுச் சுழற்சியாக வகுக்கப்பட்டு, 1969ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்திலிருந்து நடைமுறையில் உள்ள பட்டியல் அது. உரோமையில் உட்கார்ந்து அதை வகுத்தவர்களுக்கு வங்கக் கடலின் புயல்களோ புதுச்சேரி என்கிற ஊரோ மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலையும் நம் ஊர் பட்ட பாடுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. புத்தாண்டு இதழுக்கு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், திருக்குடும்ப விழா. அன்று உலகமெங்கும் வாசிக்க வேண்டிய நற்செய்தி, எகிப்துக்குத் தப்பியோடிய கதை. யோசேப்பின் கனவில் தூதர் வந்து, எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடு என்கிறார். அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்தவர்கள் சுமார் 600 பேர், அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் மீனவக் கிராமத்தார். ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற பகுதியை அந்த ஞாயிற்று வாசகம் தாண்டிச் சென்றுவிடும். மாசில்லாக் குழந்தைகள் விழாவான 28ஆம் தேதிதான் அதை வாசிப்பார்கள். அந்த ஆண்டு 28ஆம் தேதி இந்தக் கரை நெடுகக் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்தோம்.

2011இல் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் திருக்குடும்ப விழா டிசம்பர் 30, வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை ஏறியது. அன்றைக்கான வாசகத்தில் முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நன்றி சொல்கிறார். சொல்லிவிட்டு, உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று தாயிடம் கூறுகிறார். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்துகிடக்க, மின்சாரமில்லாத இருட்டில் பிறந்தது 2012.

மூன்றாவது நாள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் நம் அருகே கரையைத் தொட்டு, நகராமல் மணிக்கணக்கில் நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அதாவது திருச்சபையின் நாட்காட்டிக்குப் புத்தாண்டின் முதல் நாள். லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் அன்றைய வாசகம். கடலின் இரைச்சலும் அலைகளின் கொந்தளிப்பும் கண்டு மக்கள் கலங்குவார்கள் என்று சொல்லும் இடம் அது. கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் படகில் வந்து வீடுவீடாக ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் சூழாத கோவில்களில் அதைத்தான் வாசித்தார்கள். அந்தப் பகுதி அச்சத்தோடு முடிவதில்லை. இவையெல்லாம் நடக்கும்போது நிமிர்ந்து நில்லுங்கள், தலையை உயர்த்துங்கள் என்று இயேசு சொல்கிறார்.

இதை முன்னறிவிப்பு என்றோ அடையாளம் என்றோ யாரும் எடுத்துக்கொண்டு மேடையேறிவிடக் கூடாது. எத்தனையோ ஞாயிறுகளில் வாசகத்துக்கும் வானிலைக்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. புயலில் கடவுளின் கையெழுத்தைப் படிக்கப் போனவர்கள் இந்த ஊரில் முன்பே ஏமாந்திருக்கிறார்கள்.

1760இன் கடைசி மாதங்களில் புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். தானியம் தீர்ந்துவந்தது. நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, சோறு மிச்சமாகும் என்று உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரோ அவர்களை வெளியேற விடவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக இரண்டு படைகளுக்கும் நடுவே நாட்கணக்கில் புல் வேரைத் தின்று அலைந்தார்கள். பிறகு, டிசம்பர் 31 இரவு பெரும் புயல் எழுந்தது. ஜனவரி 1 விடிந்தபோது கரைக்கு எதிரே நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கியும் கரை ஒதுங்கியும் கிடந்தன. மாலுமிகளும் வீரர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இதைவிடத் தெளிவான புத்தாண்டு வரம் வேறென்ன வேண்டும்? ஆங்கிலேயக் கப்பற்படை ஒழிந்தது, சலங்குப் படகு படகாக அரிசி அனுப்பு என்று லாலி மறுநாளே பழவேற்காட்டிலிருந்த தம் ஆளுக்கு எழுதினார். அந்தக் கடிதம் எதிரியின் கையில் சிக்கியது. புயலுக்குத் தப்பிய கப்பல்கள் திரும்பி வந்தன. ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. அடுத்த மாதங்களில் வெற்றி பெற்றவர்கள் கோட்டையை இடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் ஜென்மராக்கினி மாதா ஆலயத்தையும் இடித்தார்கள்.

அந்த ஜனவரி முதல் தேதியன்று, பசித்துக் கிடந்த ஊரில் எத்தனை பேர் முழந்தாளிட்டு நன்றி சொல்லியிருப்பார்கள்! அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் கடலில் மூழ்கிய ஆயிரம் பேரின் சாவை வரமாக எண்ணிக்கொண்ட நம்பிக்கை பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. 2004லும் இதே பேச்சு எழுந்தது. வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அதிசயமாகச் சொல்லிப் பரவசப்பட்டவர்கள் இருந்தார்கள். சற்றுத் தள்ளிக் கடற்கரையில் நின்று அலையோடு போன யாத்திரிகர்களும் அதே மாதாவைப் பார்க்கத்தானே வந்திருந்தார்கள்? செத்தவர்களின் வீட்டு வாசலில் நின்று சொல்லக் கூசுகிற எதையும் பீடத்திலிருந்து சொல்ல வேண்டாம் என்பது எங்கள் மன்றாட்டு.

டிசம்பர் 31 இரவு ஊரிலுள்ள சபைகளில் வாக்குத்தத்த அட்டைகள் கொடுப்பார்கள். ஒரு வசனம், கீழே புதிய ஆண்டின் எண். கத்தோலிக்க வீடுகளிலும் இப்போது அந்த அட்டை சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே கடனையும் நோயையும் கடந்தவர்களை அறிவோம். அந்தப் பற்றை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் கவலை வேறு. அட்டையில் அச்சாகும் வசனங்கள் ஆசீர்வாதத்தையும் பெருக்கத்தையும் மட்டுமே சொல்கின்றன. சிமியோன் சொன்ன வாளை எந்த அட்டையிலும் நாங்கள் பார்த்ததில்லை. நல்லது மட்டுமே நடக்கும் என்று கேட்டுப் பழகிய நெஞ்சு, கெட்டது நடக்கும் முதல் நாளிலேயே கடவுள் கைவிட்டார் என்று உடைந்துபோகிறது. யோசேப்புக்கு எந்த உத்தரவாதமும் தரப்படவில்லை. எழுந்து போ, நான் சொல்லும்வரை அங்கேயே இரு என்பதோடு சேதி முடிந்தது. அவர் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, இரவோடு இரவாகக் கிளம்பினார்.

2004 டிசம்பர் 26 அன்று யோசேப்புக்குக் கனவில் கிடைத்தது போன்ற ஒரு சேதி நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குத் தொலைபேசியில் கிடைத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் பேசினார். கடல் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே வெளியேறுங்கள், ஊரையும் கிளப்புங்கள் என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் கிராமத்தில் ஒரு அறிவு மையம் நடத்திவந்தது. மீனவர்களுக்கு அலை உயரமும் காற்றும் சொல்லும் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே ஓடியது. படகுகளும் வலைகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அது கிறிஸ்தவர்கள் வாழும் ஊர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் இந்துக்கள்தான். அன்றைய நற்செய்தியை வாசித்தவர்களைவிட அதை நிறைவேற்றியவர்கள் அவர்கள்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கதவை உடைக்கத் துணிந்த கை, ஒலிபெருக்கியைப் பிடித்த குரல், கிழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய பேரன், இவையெல்லாம் சேர்ந்த ஒன்றைத்தான் விசுவாசம் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

கடலுக்கு அஞ்சாமல் நிற்பதைவிடக் கடினமான ஒரு துணிவும் இருக்கிறது. அதில் நம் திருச்சபை அடிக்கடி தோற்றிருக்கிறது. அக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர்ப் பக்கங்களைப் படியுங்கள். அன்றைய சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் தூண்ட, பறையர் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே, கடவுள் முன்னே எதற்கு இந்தப் பிரிவு என்று கேட்டார்கள். சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது. மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள், விவகாரம் ஆளுநர்வரை போனது. கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை இதை வெளியிலிருந்து பார்த்து எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அதே நாட்குறிப்பில் மூன்றாண்டு தள்ளி, 1748 செப்டம்பரில் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்ட பக்கங்களும் இருக்கின்றன. அந்த இடிப்புக்குச் சேசு சபைக் குருக்கள் நெடுநாள் வற்புறுத்திவந்தார்கள். அந்தப் பக்கத்தையும் கிறிஸ்தவர்களாகிய நாம் கண்ணை மூடாமல் படிக்க வேண்டும்.

சுவர் இடிந்ததும் பிரிவு போய்விட்டதா? புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். பிணம் போகும் பாதைக்கும் புதைக்கும் இடத்துக்கும் சாதி பார்க்கிற ஊர்கள் தமிழ்க் கிறிஸ்தவத்தில் இன்றும் இருக்கின்றன. புத்தாண்டு நள்ளிரவில் துணிவு தாரும் ஆண்டவரே என்று உருகிக் கேட்கிறோம். 1745இல் எழுந்து நின்று கேள்வி கேட்டார்களே, அவர்களிடம் இருந்த துணிவும், கேட்ட மாத்திரத்தில் இடிக்கச் சொன்ன சாமியாரிடம் இருந்த துணிவும் நமக்கு வேண்டும் என்று மனதாரக் கேட்கிறோமா?

1761இல் தரைமட்டமான அந்தச் சம்பா கோவிலை 1770இல் கட்டத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டில், கட்டிக்கொண்டிருந்த சேசு சபையே போப்பாண்டவரால் கலைக்கப்பட்டது. 1776இல் பாரிஸ் வேதபோதகச் சபையார் பொறுப்பேற்றார்கள். 1778இல் மறுபடியும் முற்றுகை, மறுபடியும் ஆங்கிலேயர் ஆட்சி. 1791இல்தான் கோவில் நேர்ந்தளிக்கப்பட்டது. முதல் கல்லை வைத்தவர்களில் பலர் முடிந்த கோவிலைப் பார்க்கவில்லை. கொத்தனும் சிற்றாளும் சுண்ணாம்பு அரைத்த பெண்ணும் யார் ஆண்டாலும் மறுநாள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மிஷன் வீதியில் புத்தாண்டுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும்முன் ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டுக்கு எங்களிடம் ஒரு யோசனை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் அக்கம்பக்கத்துச் சிறு குழுக்களான அன்பியங்கள் இருக்கின்றன, மாதம்தோறும் கூடி ஜெபிக்கிறோம். ஜனவரிக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, நம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், படுக்கையில் கிடப்பவர்கள் யார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஒற்றையாய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் யார் என்று எழுதுவோம். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பிரிக்காமல், சாதி கேட்காமல் எழுத வேண்டும். தண்ணீர் வந்தால் யாரை யார் தூக்குவது, எந்த மாடிக்குக் கொண்டுபோவது, மருந்துப் பை எங்கே இருக்கிறது, கோவில் மண்டபத்தின் சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் இரண்டு முறையாவது ஒத்திகை பார்த்துவிடலாம். எழுதி முடித்த பங்குகள் எங்களுக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் அந்த அனுபவங்களை வெளியிடுகிறோம்.