அதான் இறக்கியாச்சே

கீழ்வீட்டுப் பெரியவரின் கார் நிற்கும் இடத்தில் எப்போதும் ஓர் அட்டை விரித்திருக்கும். வாழைப்பழப் பெட்டியைக் கிழித்து எடுத்த அட்டை. சனிக்கிழமைதோறும் அதை மாற்றுவார். பழையதை உடனே எறிந்துவிடமாட்டார். மூலையில் தேதி எழுதி, எண்ணெய் விழுந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, கராஜ் சுவரில் சாய்த்து வைப்பார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. அந்த அட்டைகளை வரிசையாகப் பார்த்தால், முதலில் தனியாக நின்ற ஒரு வட்டம் வருடத்துக்கு வருடம் குட்டி போட்டுக்கொண்டே வந்திருப்பது தெரியும்.

நான் குடியிருப்பது ஷ்டுட்கார்ட்டில். வாசலையும் மாடிப்படியையும் கூட்டிப் பெருக்குவதற்கு வாரமுறை வைத்து, முறை வந்த வீட்டின் கதவில் பலகை மாட்டும் ஊர் இது. கல் பாவிய முற்றத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் அது ரத்தம் விழுந்ததற்குச் சமம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வண்டிப் பரிசோதனையில் 'எண்ணெய்க் கசிவு' என்று எழுதிக் கொடுத்த அன்று மாலை, ஓர் அட்டையைக் கையில் பிடித்தபடி மேலே வந்தார்.

"நீங்கள் கார் கம்பெனியில்தானே வேலை பார்க்கிறீர்கள்?"

நான் பார்ப்பது மென்பொருள் வேலை. ஸ்பேனர் பிடித்து இருபது வருடமாகிறது. ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வைத்திருப்பது 1982 மாடல் போர்ஷே 911 எஸ்சி. அதன் இன்ஜினைத் தொட ஒருவனைக் கூப்பிட்டால், பல் டாக்டராக இருந்தால்கூட ஆமாம் என்றுதான் சொல்வான்.

இந்தக் கார் பிறந்த சூஃபன்ஹவுசன் இதே நகரத்தின் வடக்கு ஓரம். 1963இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் இது 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ கம்பெனி சண்டைக்கு வர, 911 ஆனது. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. பெல்ட்டில் ஓடும் ஒரு விசிறி மேலிருந்து காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். 1998இல் 911இன் 993 வகை நிற்கும்வரை இந்த ஏற்பாடுதான். எஸ்சியில் 2,994 சிசி. பெரியவருடைய மாடலில் 204 குதிரைத்திறன்.

காற்றால் குளிர்வது என்று சொன்னாலும் பாதி வேலையைச் செய்வது எண்ணெய்தான். ஓடும்போது அடியில் எண்ணெய் தேங்காது. வலது பின்சக்கர மட்கார்டுக்குள் தனி டாங்க் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பம்ப் இன்ஜினுக்குள் தள்ளும், இன்னொரு பம்ப் திரும்ப உறிஞ்சும். மொத்தம் பத்து லிட்டருக்கு மேல். சாதாரணக் காரில் நான்கைந்து லிட்டர் போதும். அளவு பார்ப்பதும் தலைகீழ்ப் பாடம்: இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். இத்தனை எண்ணெய் இத்தனை குழாய்களில் சுற்றும்போது இணைப்புகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ரப்பர் வளையமோ காகித பேக்கிங்கோ. அலுமினியம் நாற்பது வருடத்தை அசட்டையாகத் தாண்டிவிடும். ரப்பர் தாண்டாது. கொதியும் குளிரும் மாறி மாறி வந்து, கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகி, தொட்டால் ஒடியும்.

எண்ணெய் தரையில் விழுந்தாலாவது அட்டை போடலாம். பெரியவரின் வீட்டில் சண்டை வேறு காரணத்துக்காக. இந்தக் காரில் தண்ணீர் இல்லாததால் ஹீட்டருக்கு வெந்நீரும் இல்லை. புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதற்குள் ஓடிச் சூடான காற்றைத்தான் உள்ளே அனுப்புவார்கள். கசியும் எண்ணெய் நேராக அந்த உறையின் மேல் விழும், தீயும், காற்றோடு சேர்ந்து உள்ளே வரும். அவர் மனைவி மூன்று குளிர்காலமாகக் காரில் ஏறவில்லை. கோட்டில் மெக்கானிக் ஷெட் வாடை வருகிறதாம்.

இன்ஜினை இறக்காமல் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆனால் இறக்குவது கேட்பதற்குத்தான் பயங்கரம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தாங்கி நிற்பவை நாலே நாலு பெரிய போல்ட்டுகள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, பெட்ரோல் குழாய், எண்ணெய்க் குழாய், சக்கரத்துக்குப் போகும் இரண்டு ஷாஃப்ட், சீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்தால் தெரியும் கியர் இணைப்பு, எல்லாம் கழன்றபின் ஜாக்கில் உட்காரவைத்து மெல்ல இறக்க வேண்டும். 200 கிலோவுக்கு மேல் கனம். ரிவர்ஸ் லைட் ஒயரைக் கழற்ற மறந்திருந்தோம். பாதி வழியில் இன்ஜின் அதில் தொங்குவதுபோல ஒரு கணம் நின்றது.

காருக்கு அடியில் அப்படிப் படுத்திருக்கும்போதுதான் பெரியவர் கையைத் துடைத்து நீட்டி, "இனிமேல் நீ என்றே கூப்பிடு" என்றார். ஜெர்மன்காரர்களிடம் இது பெரிய மரியாதை. வயதில் மூத்தவர்தான் இதைத் தொடங்க வேண்டும். ஆறு வருடமாக நீங்கள், நீங்கள் என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். 76 வயது வாத்தியாரை நான் 'நீ' என்பதா? பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா காதில் விழுந்தால் விளக்குமாறு எடுப்பாள். அதனால் அதற்குப்பின் பல வாரங்கள் முன்னிலையே இல்லாத வாக்கியங்களாகப் பேசினேன். "அந்த ஸ்பேனர் கிடைக்குமா?" "இங்கே கொஞ்சம் வெளிச்சம் வேண்டியிருக்கிறது." ஜெர்மனில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இறக்கிய இன்ஜினைக் கழுவியதும் வரைபடம் மாறியது. அட்டையில் எண்ணெய் விழுந்த இடம் ஒன்று, கசிந்த இடம் வேறு. விசிறிக் காற்று எண்ணெயை ஊர் முழுக்கப் பரப்பிவிடுகிறது. உண்மையான ஊற்று மேலே, விசிறிக்கு அடியில் கை நுழையாத ஒரு முக்கோணத்தில் இருந்தது: ஆவி வெளியேறும் மூடியின் பேக்கிங், தெர்மோஸ்டாட்டின் ஓ-ரிங், எண்ணெய் அழுத்தம் காட்டும் சென்சார். இந்த இன்ஜின்களோடு பழகியவர்கள் இதை மரண முக்கோணம் என்கிறார்கள். இதற்குமுன் எந்த ஒர்க்‌ஷாப்பிலோ யாரோ இன்ஜினை இறக்காமல் இடுக்கு வழியாகக் கைவிட்டு, சிலிகான் பசையைக் கேக் மேல் க்ரீம்போல அப்பியிருந்தார். கசிவு நிற்கவில்லை என்பது பெரிதல்ல. உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் துணுக்கு பிய்ந்து எண்ணெய்ப் பாதைக்குள் போனால் பேரிங்குக்குப் போகும் வழியே அடைபடும். மரக்குச்சியால் சுரண்டி எடுக்க ஒரு முழு சனிக்கிழமை ஆனது. இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடே அடுத்த கசிவு.

இரண்டாவது ஊற்று அடியில். சிலிண்டர் தலைப்பக்கத்திலிருந்து எண்ணெய் திரும்பி வருவதற்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு குழாய்கள். இரு முனையிலும் ஓ-ரிங். முதலில் போட்டவை ஒரே துண்டுக் குழாய். ஹெட்டைக் கழற்றாமல் அவற்றை முழுசாக எடுக்க முடியாது. அதற்காகவே நீட்டிச் சுருக்கக்கூடிய இரண்டு துண்டுக் குழாய்கள் கிடைக்கின்றன. பழையதை நெளித்து, நசுக்கி உருவிவிட்டு, புதியதைச் சுருக்கி நுழைத்து இருபக்கமும் இழுத்துப் பூட்டிவிடலாம். கூடுதலாக ஓர் இணைப்பு, அதற்குள் கூடுதலாக ஓர் ஓ-ரிங், கசிய இன்னோர் இடம் என்று சுத்த வைதிகர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அந்த மடியில் நம்பிக்கை இல்லை. முதல் குழாயில் ஓ-ரிங்கை எண்ணெய் தடவாமல் திணித்துக் கிழித்தேன். எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல பெரியவர் பார்த்தார். மற்ற மூன்றும் தடவிய எண்ணெயில் வழுக்கி உட்கார்ந்தன.

இனிதான் விஷயமே.

சின்ன வயதில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை ஒரு மெக்கானிக்கிடம் விடுவோம். ஹெட் பேக்கிங் மாற்றத்தான் கொடுத்திருப்போம். மாலையில் போனால் வண்டி ஒரு நியூஸ்பேப்பர் மேல் உதிரி உதிரியாகக் கிடக்கும். "அதான் இறக்கியாச்சே அண்ணாச்சி, ரிங்கையும் மாத்திருவோம். ரிங் மாத்துனா போரையும் பாத்துரணும்." அப்பாவின் அந்த மாதச் சம்பளம் ஷெல்லாக் தடவிய பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். அந்த மெக்கானிக்கை மனதுக்குள் பல வருடம் திட்டியிருக்கிறேன். இப்போது ஷ்டுட்கார்ட் கராஜில் என் வாயிலிருந்து அதே வசனம் ஜெர்மனில் வந்தது.

கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் எட்டு. பெல்ட் பக்கம் இருக்கும் எட்டாவது மட்டும் முழு வளையம். அதன் வெளிச்சுற்றில் ஓர் ஓ-ரிங். விலை ஒரு காப்பிக் காசு வருமா என்பது சந்தேகம். அதை மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் கேஸை இரண்டு பாதியாகப் பிளக்க வேண்டும். பிளப்பதற்கு முன் ஹெட், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் வெளியே வர வேண்டும். அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே காகித பேக்கிங் கிடையாது. காற்று படாத இடத்தில் மட்டும் இறுகும் ஒரு திரவத்தை மெல்லிய படலமாகப் பூசி, இறுகுவதற்குள் முடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யத்தான் எனக்குக் கை துறுதுறுத்தது.

"அதான் இறக்கியாச்சே" என்றேன்.

பெரியவர் பதில் சொல்லாமல் லீக் டவுன் டெஸ்ட் சீட்டை எடுத்தார். இறக்குவதற்கு முன்பே ஆறு சிலிண்டரிலும் காற்றடைத்து எவ்வளவு தப்புகிறது என்று பார்த்திருந்தோம். ஆறும் பத்து சதவீதத்துக்குள். பிறகு டார்ச்சை அடித்து எட்டாவது பேரிங் இருக்கும் இடத்தைக் காட்டினார். சுற்றிலும் காய்ந்திருந்தது. அடுத்து வால்வு மூடிகள். இந்தத் தலைமுறை இன்ஜின்களில் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள், சிலிண்டருக்கு நாலாக மொத்தம் 24, அவற்றில் கீழ்வரிசையில் சில காலப்போக்கில் துருவேறி ஒடிவது உண்டு. ஒடிந்திருந்தால் கீழ் மூடியைக் கழற்றும்போதே நட்டோடு ஒரு துண்டு கையில் விழும். கழற்றினோம். என் உள்ளங்கையில் விழுந்தது எண்ணெய் மட்டும்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்குச் சற்று ஏமாற்றம்.

"ஈரமில்லாத இடத்தைத் திறக்க உன்னிடம் என்ன காரணம் இருக்கிறது?" என்றார். ஆசைதான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிராங்க் கேஸ் தப்பித்தது.

ஃபிளைவீல் பக்க ஆயில் சீல், பெல்ட் பக்க சீல், எண்ணெய்க் கூலரின் சீல்கள், செயின் மூடிகளின் பேக்கிங், இறுகிப்போன பெட்ரோல் ஹோஸ்கள்: இவற்றுக்கு இரண்டு வார இறுதிகள் போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாத ஊர் என்பதால் அன்று பல் துலக்கும் பிரஷ்ஷால் சிலிண்டரின் செதில்களைத் தேய்த்தோம். டேப்பெட் இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது, உள்ளேயும் வெளியேயும் 0.1 மில்லிமீட்டர். பன்னிரண்டு வால்வுக்கும் ஃபீலர் கேஜை நுழைத்து நுழைத்துப் பார்ப்பது என் வேலை. நோட்டில் டிக் போடுவது அவர் வேலை. நான் சரி என்று சொன்னதையெல்லாம் தானும் ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார். சம்பளம் வாங்காத உதவியாளனை இவ்வளவு சந்தேகப்படக்கூடாது.

அந்த நாட்களில் கதை கேட்கவும் நேரம் இருந்தது. 1981இல் பீட்டர் ஷுட்ஸ் என்பவர் போர்ஷேயின் தலைவராக வந்தபோது, பொறியியல் தலைவர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் இருந்ததாம். மற்ற மாடல்களின் கோடுகள் நீளமாக ஓட, 911இன் கோடு மட்டும் அந்த வருடக் கடைசியோடு நின்றிருந்தது. ஷுட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவரிலேயே இழுத்துக்கொண்டு போனார் என்பார்கள். பெரியவர் கராஜ் சுவரில் விரலால் இழுத்துக் காட்டினார். விரல் கிரீஸ் இன்னும் அங்கே இருக்கிறது.

அக்டோபர் தொடக்கத்தில் ஏற்றினோம். ரிவர்ஸ் லைட் ஒயரை முதலில் மாட்டினோம். பொறியைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினோம். பிறகு பொறியைக் கொடுத்ததும் இரண்டு இருமல், அடுத்து அந்த வறட்டுச் சத்தம், தகர டப்பாவில் யாரோ வேகமாகத் தைப்பதுபோல. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பெரியவர் முகம் மாறியது. எங்கள் விரல்ரேகை எண்ணெய்தான் எரிகிறது என்று நான் சொன்னதை நம்பாமல், புகை அடங்கும்வரை குனிந்தே நின்றார். அட்டையில் அந்த வாரம் வட்டம் போட எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் நல்ல குளிர். அவர் மனைவி கோட்டின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையுறையோடு முன் சீட்டில் ஏறினார். என்னையும் வரச் சொன்னார்கள். 911இன் பின் சீட்டு பள்ளிக்கூடப் பையை வைக்கத்தான் லாயக்கு. முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். மலைப்பாதையில் ஏறும்போது பெரியவர் ஹேண்ட்பிரேக் பக்கத்தில் இருக்கும் லிவரை இழுத்தார். சூடான காற்று வந்தது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மூக்கைச் சுருக்கியபடி இருந்தார். முதலில் கையுறை கழன்றது, அப்புறம் மேல் பட்டன்.

"கண்ணாடியை இறக்குங்கள்" என்றார். "வேர்க்கிறது."