ஆளெடுத்தால் மட்டும் போதாது

அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதோர். ஆசிரியர்களிலோ ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வெள்ளையர். இந்த இடைவெளி தானாக விழுந்ததல்ல. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதைச் செயல்படுத்தியபோது தென் மாநிலங்களில் பல இடங்களில் கறுப்பினப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை மட்டும் வெள்ளையர் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள். அந்த அநீதிக்கு ஈடுசெய்யக் கறுப்பின ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தும் 'கால் மீ மிஸ்டர்' திட்டம் வழிகாட்டுகிறது: ஆசிரியராக விரும்பும் கறுப்பின இளைஞர்களுக்குக் கல்விக் கட்டண உதவி, சேர்ந்து படிக்கச் சக மாணவர் குழு, வழிகாட்டிகள், வேலை கிடைக்கத் துணை. வேலையில் சேர்ந்த பிறகும் துணை வேண்டும். பல பள்ளிகளில், எந்த வகுப்பில் கறுப்பினப் பையன் முரண்டு பிடித்தாலும், அவனைக் கறுப்பின ஆசிரியரிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். சம்பளம் என்னவோ அதேதான். அந்தக் கூடுதல் உழைப்புக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்க வேண்டும். வகுப்பில் இன நீதியைப் பேசும் ஆசிரியருக்குப் பெற்றோர் எதிர்ப்பு வந்தால் நிர்வாகம் பக்கபலமாக நிற்க வேண்டும். வேலைக்கு எடுத்துவிட்டுத் தனியே தவிக்கவிடுவது இன்னோர் அநீதி.