தெரியாததைக் குற்றமாக எழுதலாமா?

2023 ஏப்ரல் 5ஆம் தேதி பெய்த உறைமழையில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. பெரிய அடி மாண்ட்ரியலுக்குத்தான். அந்த நேரத்தில் ஆன்லைன் விளையாட்டில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. சர்வருக்கு என்ன தெரியும்? அவரிடமிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த தரவு சில விநாடிகளாக வரவில்லை, அவ்வளவுதான். கரண்ட் போனதா, வைஃபை அறுந்ததா, தோற்கப்போகிறோம் என்று ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கினாரா? சர்வருக்கு எல்லாமே ஒரே மௌனம்தான்.

எனவே அவர் திரும்ப வரும்போது "நீங்கள் ஆட்டத்தைக் கைவிட்டீர்கள்" என்று காட்டினால், விளையாட்டு தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது.

தண்டனையே கூடாது என்பதல்ல வாதம். மாண்ட்ரியலின் பிஹேவியர் இன்டராக்டிவ் 2016இல் வெளியிட்ட 'டெட் பை டேலைட்'டில் நான்கு பேர் ஒரு கொலையாளியிடமிருந்து தப்ப வேண்டும். ஒருவர் பாதியில் போனால் மற்ற மூவருக்கும் ஆட்டம் கடினமாகிவிடும். யூபிசாஃப்ட் மாண்ட்ரியலின் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' ஐவருக்கு ஐவர் மோதுவது. அங்கும் ஆள் குறைந்தால் ஆட்டம் கெடும். ஆகவே விதி வேண்டும். ஆனால் விதியைச் சொல்வது வேறு, பழி சுமத்துவது வேறு. "சர்வருடனான இணைப்பு அறுந்துவிட்டது. ஆட்டம் இன்னும் நடக்கிறது, மீண்டும் சேரலாம். சேராவிட்டால், காரணம் எதுவானாலும், புள்ளி குறையும்" என்று எழுதினால் விதியின் கண்டிப்பு கொஞ்சமும் தளராது. ஒரே நிமிடத்தில் ஒரே பகுதியில் நூற்றுக்கணக்கானோர் மௌனமானால், கோளாறு ஆட்டக்காரரிடம் இல்லை என்று சர்வரே ஊகிக்கலாம். அப்போது அந்தக் கடைசி வரியும் வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், பழியும் இல்லாமல் பொருளும் இல்லாமல் வரும் செய்திகள். சீஜ் ஆடுபவர்களுக்கு 3-0x0001000B பழகிப்போன பிழை எண். உதவிப் பிரிவுக்கு அது தேவை, சரி; அதைச் செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் போடலாம். 2012 மே மாதம் 'டயாப்லோ 3' விளையாட்டு வெளியான அன்று வந்த 'எரர் 37', சர்வர் நெரிசலில் இருக்கிறது என்று நேர்மையாகத்தான் சொன்னது. எப்போது சரியாகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த எண் இன்றுவரை கேலிப்பொருள். 'டெஸ்டினி' விளையாட்டு எண்களை விட்டுவிட்டு விலங்குகள் போன்றவற்றின் பெயர்களை வைத்தது. நினைவில் நிற்கும், நண்பரிடம் சொல்லவும் எளிது. ஆனால் 'வீசல்' என்ற விலங்கின் பெயர் திரையில் வந்தால் ரூட்டரை அணைத்துப் போடுவதா, படுக்கப் போவதா?

மழுப்பலுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. ஏமாற்று மென்பொருளை எப்படிப் பிடித்தோம் என்று விளக்கினால், அடுத்த முறை தப்பிக்கப் பாடம் நடத்தியதாகிவிடும். அங்கே காரணத்தை மறைக்கலாம். ஆனால் ஆட்டக்காரருக்கு விதித்த தடை எத்தனை நாள், முறையீட்டை எங்கே அனுப்புவது என்பதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.