அலங்காரம் என்றால் இளப்பமா?

லீவு விட்டால் போதும், கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி வீட்டுக்கு வீடு புலம்பல்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தாயான நானும் நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற கட்சிதான். ஆனால், இந்தப் புலம்பலோடு சேர்ந்து வரும் ஓர் ஏளனத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

'மைன்கிராஃப்ட்' விளையாட்டைப் பல சகோதரிகள் அறிந்திருப்பீர்கள். ஸ்வீடனில் உருவாகி, 2011-ல் முழு வடிவில் வெளிவந்தது. மண், கல், மரம் என்று கட்டை கட்டையாக எடுத்து அடுக்கி, வீடோ ஊரோ கட்ட வேண்டும். இதன் தோற்றத்தை மட்டும் மாற்றுவதற்கு 'ரிசோர்ஸ் பேக்' என்று ஒன்று உண்டு. அதில் ஐரோப்பிய ராஜா ராணிக் கதை பாணிக்குப் பிள்ளைகளிடம் தனி மவுசு. அதைப் போட்டதும் சாதாரணக் கல் பாசி படிந்த கோட்டைச் சுவராகிறது. பலகையில் இரும்பு ஆணி தெரிகிறது. புத்தக அலமாரியில் மந்திரவாதியின் தோல் அட்டைப் புத்தகங்கள்!

என் மகள் இதில் மூழ்கியிருப்பதைப் பார்த்த என் நாத்தனார், "ஆட்டத்துக்குக்கூட அலங்காரமா? பொம்பளப் புள்ள புத்தி எங்க போகும்!" என்று சிரித்தார். அந்தப் பேச்சுதான் என்னை உறுத்துகிறது.

கோட்டை கட்டினால் மூளை வேலை, அந்தக் கோட்டைக்குக் கல் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தால் வெறும் மேல்பூச்சா? காலம் காலமாக நம் கைவேலை எல்லாவற்றுக்கும் இதே பட்டம்தானே கட்டுகிறார்கள்!

அது எவ்வளவு பெரிய வேலை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ஒரு கட்டையின் ஒரு முகம் என்பது 16-க்கு 16 கட்டம், அதாவது 256 புள்ளிகள். நாம் அந்தக் காலத்தில் கிராஃப் பேப்பரில் வரைந்து கிராஸ் ஸ்டிட்ச் போட்டோமே, அதே கணக்குதான். இதில் இன்னொரு சிக்கல். ஒரே படம் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டாவிட்டால் கோடு கோடாகத் தெரிந்து அசிங்கமாகிவிடும். ஒரு கல் மட்டும் பளிச்சென்று இருந்தாலும் சுவர் பூராவும் அதுவே கண்ணில் குத்தும். இப்படி நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தால்தான் ஒரு முழு பேக்!

விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே இந்த அருமையை உணர்ந்திருக்கிறது. 2019-ல் வந்த பதிப்பில் ஜாஸ்பர் போர்ஸ்ட்ரா என்ற ஓவியரை வைத்துப் படங்களைப் புதிதாக வரைய வைத்தார்கள். பழைய படங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'புரோகிராமர் ஆர்ட்'. அதாவது, புரோகிராம் எழுதியவர் வரைந்தது. ஓவியர் வேலை வேறு என்று அவர்களே சொல்லாமல் சொல்லிவிட்டார்களே!

அதற்காகக் கேட்டதெல்லாம் வாங்கித் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களைத் தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பேக் போட்டால் ஆட்டம் மாறாது, பார்வைதான் மாறும். கல்லை உடைக்க ஆகும் நேரம் அதேதான். கம்ப்யூட்டரில் ஆடும் 'ஜாவா' பதிப்புக்கு இலவசமாகவே ஏராளமாகக் கிடைக்கின்றன. போனில் ஆடும் பதிப்பிலோ 'மைன்காயின்' என்று நிஜப் பணம் போகும் கடை ஒன்று உள்ளேயே இருக்கிறது. ஆகவே, போனைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் பணம் கட்டும் வழியைப் பூட்டி வையுங்கள்.

ஜாவா பதிப்புக்கான பேக் என்பது பெரும்பாலும் படங்கள் அடங்கிய ஒரு 'ஜிப்' கட்டுதான். அதற்கென்று உள்ள போல்டரில் போட்டால் போதும். "முதலில் இந்த புரோகிராமை இன்ஸ்டால் செய்" என்று எந்தத் தளமாவது கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

புள்ளி கூடக் கூட கம்ப்யூட்டருக்குச் சுமை. 16-க்குப் பதில் 32 என்றால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 64 என்றால் பதினாறு மடங்கு. ஆட்டம் திணறினால் புதுக் கம்ப்யூட்டருக்கு ஓடாமல் சின்ன பேக்குக்கு மாறலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். ஜாவா பதிப்பில் கல்லின் படத்தைத் தனியே எடுத்து, ஓவியம் வரையும் இலவச மென்பொருளில் திருத்தி, அதே பெயரில் தன் பேக்கில் சேமித்தால் போதும், ஆட்டத்தில் அவள் கல்லே வந்து நிற்கும். என் மகள் தன் கோட்டைச் சுவருக்கு மூன்று நாள் மெனக்கெட்டாள். "பாசி மேல இல்லம்மா, தண்ணி நிக்கிற அடிப்பக்கம்தான் இருக்கணும்" என்று கொல்லைச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தினாள். இந்தக் கவனிப்பு எந்தப் பாடத்துக்கும் உதவாமலா போகும்?

மணிக்கணக்கைக் குறைக்கச் சொல்லிக் கண்டியுங்கள், தப்பில்லை. ஆனால், அழகாகச் செய்ய நினைக்கும் பிள்ளையை, அதுவும் பெண் பிள்ளையை, "வெறும் அலங்காரம்தானே" என்று ஒரே வார்த்தையில் மட்டம் தட்டாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்த நாமாவது அதை நிறுத்தலாமே! என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.