இம்யூனிட்டின்னா மொபைல் பேட்டரி இல்ல பாஸ்!

குன்னூர்ல சிம்ஸ் பார்க் பக்கம் போனீங்கன்னா எதிரிலேயே பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இருக்கும். 1907-லேர்ந்து இருக்கு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியால பேர் வாங்கின இடம். அங்கேர்ந்து கடைத்தெருவுக்கு இறங்கினா, 'இம்யூனிட்டி பூஸ்டர்'னு லேபிள் ஒட்டின டீ பாக்கெட்டுகள். டீ மேல எனக்குக் கோபம் இல்லை, நல்ல டீதான். அந்த வார்த்தை மேலதான் கோபம்.

நம்ம ஹாஸ்டல்லயும் இதே பேச்சுதான். "எனக்கு இம்யூனிட்டி ஜாஸ்தி மச்சான்." ஏதோ பேட்டரி மாதிரி, சார்ஜ் போட்டா ஏறும்னு நினைப்பு. உடம்பு அப்படி வேலை செய்யறதே இல்லை.

டி செல்லை எடுத்துக்குங்க. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் பிடிச்சு அழிக்கறது, ஆன்டிபாடி செய்யற பி செல்லுக்கு உதவறது எல்லாம் இதோட வேலை. ஆனா சும்மா விட்டா அது செத்துடும். மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல வாட்ச்டாக் டைமர் பார்த்திருப்பீங்க. நேரத்துக்கு ஒரு சிக்னல் வரலைன்னா போர்டு தானா ரீசெட் ஆகும். டி செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா இங்கே ரீசெட் கிடையாது, நேரா மரணம்தான். அதுக்கு வரவேண்டிய சிக்னல்களை சைட்டோகைன்னு சொல்றாங்க. முக்கியமான ஒண்ணு ஐஎல்-7. அது செல்லோட ரிசப்டர்ல ஒட்டினதும் உள்ளே ஜேக், ஸ்டாட்-5னு புரதங்கள் வரிசையா உசுப்பப்பட்டு, பிசிஎல்-2ங்கற புரதம் உருவாகுது. அது மைட்டோகாண்ட்ரியா உடையாம காவல் காக்கும். சிக்னல் நின்னா காவலும் போச்சு, செல் தன்னையே முடிச்சுக்கும்.

இந்த ஐஎல்-7 ரேஷன் மாதிரி. நிணநீர் முடிச்சுல இருக்கற சில செல்கள் ஏறக்குறைய ஒரே அளவுலதான் தயாரிக்கும். வரிசையில ஆள் கூடினாலும் அரிசி கூடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஐஎல்-7 கிடைச்ச டி செல் தன் ரிசப்டரைக் கொஞ்ச நேரம் குறைச்சுக்கும், அடுத்த செல்லுக்கும் கிடைக்கட்டும்னு. நம்ம மெஸ் க்யூவுல இந்தப் பண்பாடு கிடையாது.

சிக்னலே கேட்காத உடம்பு எப்படி இருக்கும்? அமெரிக்காவுல 1971-ல பிறந்த டேவிட் வெட்டர், பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளயே வளர்ந்து 1984-ல இறந்துபோன பையன். அந்த நோய்க்குக் காரணமான ஜீன் எதுன்னு 1993-லதான் தெரிஞ்சது. ஐஎல்-7, ஐஎல்-15 உட்பட பல ரிசப்டர்களுக்குப் பொதுவான ஒரு பாகத்தோட ஜீன் அது. அந்த ஒண்ணு கெட்டா டி செல்லே தங்காது.

சரி, நிஜமாவே 'பூஸ்ட்' பண்ணிப் பார்த்தா? 2006-ல லண்டன்ல டி செல்லை நேரா உசுப்பற ஒரு மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்குக் கொடுத்தாங்க. சில மணி நேரத்துல சைட்டோகைன் வெள்ளமா பொங்கி, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனாங்க. உயிர் பிழைச்சது பெரிய விஷயம்.

நம்ம நாட்டு உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின, ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது. நோயாளியோட டி செல்லை எடுத்து, மாத்தி அமைச்சு, திருப்பி ஏத்தறாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி கீமோ கொடுத்து, உடம்புல ஏற்கெனவே இருக்கற டி செல்களைக் குறைப்பாங்க! ரேஷன் வரிசையைக் காலி பண்ணினாதான் புதுசா வர்ற செல்லுக்கு ஐஎல்-7, ஐஎல்-15 போதுமான அளவு கிடைக்கும். சிகிச்சையே வரிசையைக் குறைக்கறதுலதான் ஆரம்பிக்குது. இதை எந்த டீ பாக்கெட்ல போடுவீங்க?

இப்ப பாஸ்டியருக்கே திரும்பி வரேன். தொற்று முடிஞ்சதும், சண்டை போட்ட டி செல்கள்ல 90 சதவீதத்துக்கு மேல செத்துடும். மிச்சம் இருக்கறதுதான் மெமரி செல். ஐஎல்-7, ஐஎல்-15 தயவுலதான் அது வருஷக்கணக்கா உயிரோட இருக்கு. பெரியம்மைத் தடுப்பூசி போட்டவங்க உடம்புல பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த டி செல்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. தாத்தா பாட்டி கைல தழும்பு இருக்கே, அந்த ஊசிதான்.

நாய்க்கடி ஊசியிலயும் அதே கதை. ரேபிஸைத் தடுக்கறது முக்கியமா ஆன்டிபாடி. அதைச் செய்யற பி செல்லுக்கு உதவ டி செல் வேணும். முழு கோர்ஸும் போட்டவரை பின்னாடி ஒரு நாள் மறுபடி நாய் கடிச்சா, வழக்கமா முதல் நாளும் மூணாவது நாள் கழிச்சும் ரெண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பழைய மெமரி செல்கள் இன்னும் உயிரோட இருக்கறதாலதான் இது முடியுது. 'பூஸ்டர்'ங்கற வார்த்தைக்கு உரிமை இந்த ஊசிக்குத்தான் உண்டு.

அதனால "நமக்கு இம்யூனிட்டி இருக்குடா"ன்னு பாதியில ஊசியை நிறுத்தற மச்சான்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் பிழைக்கறது கிட்டத்தட்ட கிடையாது. எஸ்டேட் ரோட்ல நாய் கடிச்சா முதல்ல ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே லாலி ஆஸ்பத்திரிக்குப் போங்க. சீட்டுல எழுதிக் கொடுத்த எல்லாத் தேதிக்கும் போங்க, செமஸ்டர் எக்ஸாம் அன்னைக்கு விழுந்தாலும்.