எஞ்சினை இறக்கும் முன் ஒரு பின்னைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி உயிர் கொடுக்க நினைக்கும் ஆட்களிடம் ஒரு பொது வியாதி உண்டு. கிளட்ச்சை மிதித்துக் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று கத்துகிறதா? உடனே "கிளட்ச் பிளேட் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். விசாரணையே கிடையாது!

இங்கிலாந்தின் எம்ஜிபி காரையே எடுத்துக்கொள்வோம். அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். உதிரி பாகங்கள் இன்றும் கிடைப்பதால் வீட்டு கராஜில் வைத்துச் சரிசெய்ய நிறையப் பேர் இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் ஒரு சங்கடம். கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்றால் காருக்குள் இருந்தபடியே மூடியைக் கழற்றி கியர்பாக்ஸை எடுத்துவிடலாம். எம்ஜிபிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் தப்பான தீர்ப்புக்கு விலை ரொம்ப அதிகம்.

இந்தக் காரில் பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பது கேபிள் அல்ல, திரவம். பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியே போய், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதிலிருந்து வரும் புஷ் ராட்தான் கிளட்ச்சை விடுவிக்கிறது. ஆக, முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே ஸ்கேலோடு அந்த ராட் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். அரை அங்குலத்தை ஒட்டி நகர்ந்தால் கோளாறு உள்ளே. அதைவிடக் குறைந்தால் எஞ்சின் நிரபராதி. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல்தான் எஞ்சினைத் தூக்க கிரேனை வாடகைக்கு எடுக்கிறார்கள்!

குறைவாக நகர்கிறது என்றால், எல்லோரும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவார்கள். பிறகு ஸ்லேவ். பிறகு ஹோஸ். மூன்றும் புதுசு, ஆனாலும் அதே 'கர்ர்ர்'. காரணம், பெடலின் மேல்பக்கத்தையும் மாஸ்டர் சிலிண்டரின் ராடையும் இணைக்கும் சின்ன கிளெவிஸ் பின். ஐம்பது வருட மிதியில் பின் நடுவே தேய்ந்து, பெடலில் அது நுழையும் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே கொஞ்சம் ஆட்டம் வந்தாலும், நெம்புகோல் கணக்கில் காலடியில் அது பல மடங்கு. பெடல் வெறுமனே போய்க்கொண்டிருக்கும், திரவம் நகராது. கணக்குப் பதிவியலில் தேய்மானத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதிவிடலாம். இந்தத் தேய்மானத்தை விரலால் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். பின்னின் விலை அற்பம். துளைக்கு வெல்டிங் வைத்து மறுபடி துளையிட வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவை சுலபம். இரண்டு மூன்று முறை அடித்தால் பெடல் தேறுகிறதா? பெரும்பாலும் காற்று. கால் வைத்திருக்கும்போதே மெதுவாக அமுங்குகிறது, வெளியே ஒழுகவும் இல்லையா? மாஸ்டரின் சீல். பெடல் வழியாக வடிந்து கார்பெட் நனைந்தாலும் அதே ஆசாமிதான். காற்றை மேலிருந்து வெளியேற்ற முடியாமல் திணறுகிறவர்கள் கீழே ஸ்லேவ் நிப்பிளிலிருந்து சிரிஞ்சால் திரவத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்க்கலாம். காற்று இயல்பாகவே மேலே போகிற சாதி.

"உதிரி பாகம்தானே, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்" என்று சிலர் வாதிடுவார்கள். சரிதான், ரப்பர் கிழமானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதையும் அளக்காமல் மாற்றுகிறவருக்கு எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. செலவழித்த பணம் உறுத்த, இன்னும் செலவழிப்பார். பிறகு அலுத்துப்போய் 'பாதி வேலை முடிந்தது' என்ற விளம்பரத்தோடு காரை விற்பார். வாங்குகிறவர் பாவம்.

ராட் சரியாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் மட்டுமே உள்ளே சந்தேகம். அப்போதும் அவசரம் வேண்டாம். பல வருடம் நின்ற காரில் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பெடலைக் கட்டையால் அழுத்தி நாலைந்து நாள் விட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகள் வழக்கம். அதற்கும் மசியாவிட்டால் எஞ்சினை இறக்கட்டும். இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும், இன்னொரு முறை இறக்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது?